அளந்தது யார்? பள்ளி அறிவியல் கண்காட்சியும் இணையமும்



அறிவியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடைபெறும் சொற்பொழிவு இது. ஆகவே பள்ளிக்கூட வளாகத்துக்குள் நடக்கும் அறிவியலைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தேன். அதிலும் ஆண்டுக்கு ஒருமுறை மேசைகளை வரிசையாகப் போட்டு, சார்ட் ஒட்டி, பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும் அந்தக் கண்காட்சியைப் பற்றி. இன்று அந்த மேசைகள் எல்லாவற்றிலும் இணையம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை வரவேற்பதா, தடுப்பதா என்ற பேச்சில் எனக்கு ஆர்வமில்லை. எப்படிப் பயன்படுத்தினால் பிள்ளைக்கு அறிவியல் கைவரும் என்பதுதான் என் கவலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாணவியின் ஆய்வில் இருக்கும் எண்களில் சிலவாவது அவள் தன் கையால் அளந்தவையாக இருக்க வேண்டும். அந்த எண்கள் இருந்துவிட்டால், இணையம் அவற்றை உலகத்தின் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க உதவும். அவை இல்லாவிட்டால், எத்தனை செயலிகளைத் திறந்து காட்டினாலும் மேசைமேல் இருப்பது வேறு யாரோ செய்த வேலை.

கண்காட்சிக்கு நடுவராகப் போகிறவர்கள் அறிவார்கள். முன்பெல்லாம் தெர்மாகோல் எரிமலை இருக்கும். வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்து நுரைத்து வழியும். பக்கத்தில் காற்றாலை மாதிரி, மழைநீர் சேகரிப்பு மாதிரி. இப்போது அந்த இடத்தில் ஆர்டுயினோ பலகை, பார்வையற்றவர்களுக்கான கைத்தடி, தானாகத் திறக்கும் குப்பைத்தொட்டி, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி. யூடியூபில் செய்முறை இருக்கிறது. ஆன்லைனில் கிட் கிடைக்கிறது. பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் அவுட் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளையும் பெற்றோரும் உழைக்காமல் இல்லை. இரவெல்லாம் கண் விழித்து ஒட்டுகிறார்கள். ஆனால் அந்த உழைப்பில் ஒரு கேள்வி பிறந்ததா என்று பார்த்தால், பெரும்பாலும் இல்லை.

தண்ணீர் விடும் அந்தக் கருவியையே எடுத்துக்கொள்வோம். மண்ணில் இரண்டு முள் போலச் செருகும் ஈர உணரி ஒன்று அதில் இருக்கும். அது ஆர்டுயினோவில் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணைக் காட்டும். காட்டும் எண் 600 என்றால் மண்ணில் எவ்வளவு ஈரம்? கிட் விற்றவருக்கும் தெரியாது, வீடியோ போட்டவருக்கும் தெரியாது. ஏனென்றால் விடை மண்ணைப் பொறுத்தது. அதே ஈரத்துக்குக் கரிசல் ஓர் எண்ணைக் காட்டும், செம்மண் வேறோர் எண்ணைக் காட்டும், உப்பு ஏறிய மண் இன்னொன்றைக் காட்டும். இங்கேதான் பிள்ளைக்கு வேலை இருக்கிறது. ஒரு கிண்ணம் மண்ணை மளிகைக்கடைத் தராசில் நிறுக்க வேண்டும். எடை குறைவது நிற்கும் வரை வெயிலில் பரப்பிக் காயவைத்து மறுபடி நிறுக்க வேண்டும். குறைந்த எடை, அதிலிருந்து போன தண்ணீர். பிறகு அளந்து அளந்து தண்ணீர் சேர்த்து, ஒவ்வொரு முறையும் உணரி என்ன காட்டுகிறது என்று குறித்து வரைபடம் போட வேண்டும். தன் ஊர் மண்ணுக்கு அந்த உணரியின் கணக்கு என்ன என்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடையில் வாங்கிய கிட் அந்த நிமிடமே அவளுடைய கருவியாகிவிடுகிறது. சில வாரம் கழித்து முள் துருப்பிடித்து எண்கள் நகரத் தொடங்கும். அதையும் அவள் கவனித்து எழுதினால் அடுத்த ஆண்டுக்கான ஆய்வு கையில் வந்துவிட்டது.

கண்காட்சிகளின் வரலாற்றை இங்கே நீட்டி முழக்கப் போவதில்லை. அமெரிக்காவில் தேசிய அளவிலான முதல் கண்காட்சி 1950இல் பிலடெல்பியாவில் நடந்தது. அதுதான் இன்று ஐசெஃப் என்ற பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்திருக்கிறது. நம் நாட்டில் 1993 முதல் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நடக்கிறது. தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து, களத்தில் இறங்கி ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை எழுதலாம் என்பது அந்த மாநாட்டின் பெருமை. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்குக்கு 10,000 ரூபாய் வருகிறது, விண்ணப்பமே இணையவழிதான். 2011இல் கூகுள் நிறுவனம் இணையவழியில் ஓர் உலகக் கண்காட்சியை நடத்தியது. முதல் ஆண்டில் மூன்று வயதுப் பிரிவுகளிலும் வென்றவர்கள் பெண்கள். 2020இல் கொரோனா வந்தபோது ஐசெஃப்பும் திரைக்குள் போனது. கண்காட்சியை இணையத்தில் நடத்துவது எளிது என்பது அப்போது தெரிந்துவிட்டது. ஆய்வையே இணையத்தின் துணையோடு நேர்மையாகச் செய்வது எப்படி என்பதுதான் இன்னும் பேசப்படாமல் கிடக்கிறது.

ஆய்வகம் இல்லை, கருவி இல்லை என்று சொல்லும் பள்ளிகளுக்கு முதலில் ஒரு செய்தி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் முடுக்கமானி, காந்தமானி, ஒலிவாங்கி, ஒளி உணரி எல்லாம் பெரும்பாலும் இருக்கின்றன. ஜெர்மனியில் ஆஹன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, இந்த உணரிகள் காட்டும் எண்களை நேரடியாக நம் கையில் கொடுக்கிறது. ஊஞ்சலில் போனைக் கட்டி அலைவு நேரம் பார்க்கலாம். பேருந்தில் வைத்துப் பள்ளம் மேடு பார்க்கலாம். எனக்குப் பிடித்தது ஒலியின் வேகத்தை அளப்பது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

பள்ளி மைதானத்தில் நாடாவால் சரியாக 20 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு போன். இரண்டிலும் செயலியின் ஒலி நிறுத்தக் கடிகாரம் ஓடத் தயாராக இருக்கும். சத்தம் கேட்டால் தொடங்கும், மறுசத்தம் கேட்டால் நிற்கும். முதல் முனையில் நிற்கும் மாணவி இரண்டு மரக்கட்டைகளைப் பட்டென்று தட்டுகிறாள். அவள் போன் உடனே தொடங்குகிறது. எதிர்முனைப் போன் ஒலி வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. இப்போது எதிர்முனையில் நிற்பவள் தட்டுகிறாள். அவள் போன் உடனே நிற்கிறது. முதல் முனைப் போன் சற்றுத் தாமதமாக நிற்கிறது. இரண்டு போன்களும் காட்டும் நேரங்களைக் கழித்தால் கிடைப்பது, ஒலி 40 மீட்டர் போக எடுத்த நேரம். இரண்டு கடிகாரங்களையும் முன்கூட்டியே ஒன்றாக ஓடவிட வேண்டிய தேவையே இல்லை. இந்த உத்தியின் அழகைப் பிள்ளைகள் தாங்களே தாளில் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வித்தியாசம் 0.114 விநாடி என்று வருகிறது. நாற்பதை அதனால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 351 மீட்டர். இணையத்தில் தேடினால் 343 என்று வரும். உடனே பிள்ளை என்ன செய்கிறாள்? அளந்ததை அழித்துவிட்டு 343 என்று எழுதுகிறாள். பல நேரம் ஆசிரியரே அப்படி எழுதச் சொல்கிறார். இந்த இடத்தில்தான் நாம் தடுத்து நிற்க வேண்டும். அந்த 343 என்பது 20 டிகிரி செல்சியஸ் காற்றுக்கான எண். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். நம் மைதானத்தில் அன்று 32 டிகிரி. கணக்குப் போட்டால் 351 அருகில்தான் வரும். பிள்ளை அளந்தது சரி. இணையம் சொன்னதும் சரி. இரண்டுக்கும் இடையில் இருந்த எட்டு மீட்டரில்தான் அன்றைய பாடம் முழுக்க இருந்தது.

இனி அவளே அடுத்த கேள்விக்குப் போவாள். காலை ஏழு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் வேகம் மாறுகிறதா? மாறினால் நம் போனால் அதைப் பிடிக்க முடியுமா? 25 டிகிரிக்கும் 36 டிகிரிக்கும் இடையில் வரும் வித்தியாசம் 40 மீட்டருக்கு இரண்டே மில்லி விநாடி. ஒருமுறை தட்டினால் போதாது, பல முறை தட்டிச் சராசரி எடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடித்தது, காக்கை கத்தியதால் கடிகாரம் தவறாக நின்றதா, எந்த அளவீட்டைத் தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்றெல்லாம் நோட்டில் எழுத வேண்டும். இத்தனைக்கும் செலவு இரண்டு மரக்கட்டைகள்.

சோதனையைத் திரையிலேயே நடத்திக் காட்டும் பாவனைச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் பாவனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. மிக நல்லவை, வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பாவனையில் அளந்ததைக் கண்டுபிடிப்பு என்று மேசைமேல் வைக்காதீர்கள். அங்கே ஊசல் ஆடுவது நிரல் எழுதியவர் போட்ட சூத்திரத்தின்படி. அதை அளந்தால் அந்தச் சூத்திரமே திரும்பி வரும்.

அடுத்து, வாசிப்பு. மேரிலாந்தைச் சேர்ந்த ஜாக் ஆண்ட்ரேகா என்ற பதினைந்து வயதுச் சிறுவன் 2012இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஐசெஃப்பில் முதற்பரிசான 75,000 டாலரை வென்றான். குடும்ப நண்பர் ஒருவர் கணையப் புற்றுநோயால் இறந்தது அவனை உலுக்கியது. கூகுளிலும் விக்கிப்பீடியாவிலும் தேடத் தொடங்கி, இலவசமாகக் கிடைத்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, மீசோதெலின் என்ற புரதத்தைக் கண்டறியும் காகிதப் பட்டை ஒன்றை அவன் யோசித்தான். சுமார் 200 பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். ஒருவரைத் தவிர எல்லோரும் மறுத்தார்கள். அந்த ஒருவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் அனிர்பன் மைத்ரா.

இந்தக் கதையை மேடைகளில் சொல்கிறவர்கள் பரிசோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அந்தப் பட்டை மற்ற முறைகளைவிட இத்தனை மடங்கு வேகம், இத்தனை மடங்கு மலிவு என்று ஊடகங்கள் பரப்பிய கணக்குகளை அறிவியலாளர்கள் கேள்விக்குள்ளாக்கினார்கள். முறையான ஆய்விதழ் மதிப்பீட்டுக்கு உட்படாத முடிவு அது என்றும், இதே வகை யோசனையில் முன்பே வேலை நடந்திருக்கிறது என்றும் சொன்னார்கள். இதனால் அந்தச் சிறுவனின் முயற்சி சிறுத்துப்போகவில்லை. ஒரு பள்ளிப் பிள்ளை கட்டுரைகளைத் தேடிப் படித்து ஓர் ஆய்வகத்தின் கதவைத் தட்டியது பெரிய காரியம். அந்த ஆய்வை அளவுக்கு மீறி உயர்த்திப் பேசிய பெரியவர்கள்தான் அறிவியலுக்குத் தீங்கு செய்தார்கள். நம் ஊரிலும் 'பள்ளி மாணவர் கண்டுபிடித்த அதிசயக் கருவி' என்று செய்தி போடுவதில் நமக்கு நிதானம் வேண்டும்.

ஆண்ட்ரேகா பிற்பாடு, ஆய்வுக் கட்டுரைகள் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று குரல் கொடுத்தான். பணம் கட்டினால்தான் திறக்கும் சுவர்களில் முட்டிக்கொண்டவன் அவன். நம் நாட்டில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள். நல்ல திட்டம். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. அரசு மேல்நிலைப் பள்ளியின் பிளஸ் ஒன் மாணவி அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்ட மைய நூலகங்களில் ஒரு கணினி வழியாகவாவது அவளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிடலாம் என்று அரசை இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திறந்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தை ஆசிரியர்கள் பயன்படுத்தலாம். பக்கத்து ஊர் ஏரியைப் பற்றியே அங்கே ஓர் ஆய்வேடு இருக்கக்கூடும்.

ஏரி என்றதும் என் மனத்துக்கு மிக நெருங்கிய விஷயத்துக்கு வந்துவிட்டேன். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன என்பது கணக்கு. 'எங்கள் ஊர்க் கண்மாய் சுருங்கிவிட்டது' என்ற தலைப்பு குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அடிக்கடி வருவது. முன்பு பெரியவர்களிடம் கேட்டு எழுதுவார்கள். இன்று வேறொரு சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் பூமியைப் படம் எடுக்கின்றன. அந்தப் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் எடுக்கின்றன. இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் பார்க்கின்றன. பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு கணினியும் இணையமும் இருந்தால், தன் ஊர்க் கண்மாயின் படத்தை மாணவி திறந்துவிடலாம்.

அந்தப் படத்தில் அவள் என்ன பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்வது அவசியம். இன்றைய லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். ஒரு ஏக்கர் ஊருணி அதில் நாலைந்து புள்ளிதான். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர்; அதே ஊருணி நாற்பது புள்ளியாக விரியும். நீர் எது, நிலம் எது என்று பிரிப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. தண்ணீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடும். பச்சை இலை அதை அள்ளித் திருப்பி வீசும். பச்சை ஒளியையும் அண்மை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் கணக்கிட்டால் நீர்ப்பரப்பு தனியே தெரியும். எட்டாம் வகுப்புக் கணக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இப்படிக் கணக்கிட்டு, 'கண்மாயில் பாதி நீர் காணாமல் போய்விட்டது' என்று அறிக்கை எழுதி முடித்துவிடலாம். கண்காட்சியில் பரிசும் கிடைக்கலாம். ஆனால் அவள் போனை எடுத்துக்கொண்டு ஆசிரியரோடு கரைமேல் நடந்து பார்த்தால் கதை மாறும். கண்மாயின் ஒரு பாதியை ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. கீழே தண்ணீர் நிற்கிறது; மேலே இலை. செயற்கைக்கோள் இலையைப் பார்த்து நிலம் என்று சொல்லிவிட்டது. இன்னொரு பக்கம், உள்வாயில் சீமைக்கருவேல் மண்டி, அடிமரங்களுக்கு இடையே நீர் நிற்கிறது. அதுவும் மேலிருந்து தெரியாது. வெட்டவெளியில் போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் துல்லியத்தில் இடம் காட்டும். சென்டினல் புள்ளியைவிட அது நுட்பம். தாமரையின் விளிம்பை அவள் கரையோரமாகவே நடந்து குறித்துவந்தால் போதும். நீருக்குள் யாரும் இறங்க வேண்டாம். இதை ஆசிரியர்கள் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் குறித்துக் கொண்டுவந்த கோடு உலகத்தின் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத கோடு.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கண்மாய்களில் பெரும்பாலானவை நிறைவது வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில்தான் வானம் மூடிக் கிடக்கும். மேகத்துக்குக் கீழே இருப்பதை இந்தச் செயற்கைக்கோள்களின் கண் பார்க்காது. கண்மாய் எந்த நாளில் பெருகியது, கலுங்கில் எப்போது தண்ணீர் விழுந்தது, மடையை எப்போது திறந்தார்கள் என்பதை இந்தப் படங்கள் சொல்லப்போவதில்லை. மடையடியில் கோடு போட்ட ஒரு கம்பை நட்டு, தினமும் பள்ளிக்குப் போகும் வழியில் நீர்மட்டத்தைப் பார்த்து எழுதும் பிள்ளை சொல்வாள். ஊர் நீர்க்கட்டியிடம் கேட்டால், வரத்துக்கால் எங்கே அடைபட்டது என்பதையும் அவர் சொல்வார். அதை எழுதி, தேதி போட்டு, மேகமில்லாத நாளின் படத்தோடு சேர்த்து வைத்தால் அந்த ஆய்வின் தரம் கல்லூரி ஆய்வுக்குக் குறையாது. செயற்கைக்கோள் அறிவியலாளர்களே இந்தத் தரைச் சரிபார்ப்புக்காகத்தான் ஆட்களை அனுப்புகிறார்கள்.

பிள்ளைகளின் கவனிப்பை உலகம் பயன்படுத்திக்கொள்ளும் திட்டங்கள் வேறு பலவும் உண்டு. 1995இல் தொடங்கிய குளோப் திட்டத்தில், செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை ஒட்டி மேகத்தைப் பார்த்துப் பதிவு செய்தால், நாசாவின் செயற்கைக்கோள் அதே மேகத்தை எப்படிப் பார்த்தது என்ற ஒப்பீடு மின்னஞ்சலில் வரும். சீசன்வாட்ச் திட்டத்தில் ஒரு மரத்தைத் தத்தெடுத்து வாரம் ஒருமுறை இலை, பூ, காய் பார்த்து எழுதலாம். கேரளப் பள்ளிகள் இதில் நிறைய உழைத்திருக்கின்றன. விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை எப்போது பூக்கிறது என்ற கேள்வியைப் பிள்ளைகளின் பதிவுகளைக் கொண்டே இப்போது ஆராய முடிகிறது. நம்மிடையே 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. அதற்காக இபேர்ட் என்ற தளத்தில் போடும் பட்டியலில் வழக்கத்துக்கு மாறான பறவை இருந்தால், அனுபவமுள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கப்படுவது பிள்ளைக்கு நல்லது. 2020இல் சூரத் நகரப் பள்ளி மாணவிகள் இருவர், ஹவாயில் உள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கியின் படங்களில் நகரும் புள்ளியைத் தேடி ஒரு சிறுகோளை அடையாளம் கண்டார்கள். தொலைநோக்கி அவர்களுடையதில்லை. உற்றுப் பார்த்த கண்கள் அவர்களுடையவை.

இத்தகைய தளங்களில் பிள்ளைகள் நுழையும்போது ஆசிரியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வீட்டுத் தோட்டத்துப் பூச்சியைப் படம் எடுத்துப் போட்டால், அந்தப் படத்தோடு வீடு இருக்கும் இடமும் போய்விடும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் இடத்தை மறைத்துப் பதியும் வசதி உண்டு. பள்ளியின் பெயரில் ஒரே கணக்கு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

இப்போது எல்லோர் மனத்திலும் இருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கேள்விக்கு வருகிறேன். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் 'வானவில் மன்றம்' தொடங்கி வைக்கப்பட்டது. கருத்தாளர்கள் பெட்டியோடு அரசுப் பள்ளிகளுக்குப் போய், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைக் கையால் செய்து பார்க்க வைக்கும் திட்டம். இரண்டு நாள் கழித்து, நவம்பர் 30 அன்று, சாட்ஜிபிடி வெளியானது. ஒன்று கையில் பொருளைக் கொடுத்தது. மற்றொன்று, கையில் எதையும் தொடாமலேயே முழு அறிக்கையையும் எழுதிக் கொடுத்தது. இரண்டும் இன்று ஒரே வகுப்பறையில் இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவைத் தடை செய்யச் சொல்ல மாட்டேன். ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் விளக்கச் சொல்லி ஒரு கிராமத்துப் பிள்ளை படிக்கிறாள் என்றால் அது பெரிய விடுதலை. தன் சோதனையில் என்ன ஓட்டை இருக்கிறது என்று அதனிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அது இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுத் தரும். ஆகவே அது சுட்டும் எதையும் மூலத்தில் பார்க்காமல் எழுதக் கூடாது. எல்லாவற்றையும்விட ஆபத்து, 'முப்பது நாள் நீர்மட்ட அட்டவணை தயாரித்துக் கொடு' என்றால் அழகாகத் தயாரித்துக் கொடுத்துவிடும். யாருமே கண்மாய்க்குப் போகாமல் கண்மாயின் கணக்கு வந்துவிடும். இதை நான் களவு என்றே சொல்வேன். பிள்ளையைக் குற்றம் சொல்லவில்லை. அந்த அட்டவணைக்கு மதிப்பெண் போடும் நம்மைச் சொல்கிறேன்.

நடுவர்களுக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. சார்ட்டைப் பார்ப்பதற்கு முன் களக் குறிப்பேட்டைக் கேளுங்கள். பேனாவால் எழுதியது, அடித்துத் திருத்தியது, மழையில் நனைந்தது எல்லாம் அதில் இருக்கும். உண்மையாக அளந்த எண்கள் ஒழுங்காக வரிசையில் நிற்காது. ஒரு நாள் விட்டுப்போயிருக்கும், ஒரு நாள் விசித்திரமாக இருக்கும். 'இந்த எண் மட்டும் ஏன் தனியாக நிற்கிறது?' என்று கேளுங்கள். அளந்த பிள்ளை கண் விரியச் சொல்வாள்: அன்றைக்கு மாடு கம்பை இடித்துவிட்டது, அன்றைக்குத் தம்பி பார்த்து எழுதினான் என்று. முடிந்தால் கருவியைக் கையில் கொடுத்து ஒரே ஒரு அளவீட்டை அங்கேயே செய்யச் சொல்லுங்கள். அவள் விரல்களுக்கு அந்த வேலை பழக்கமா என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். மேசையின் பளபளப்புக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தினாலே, கிட் வாங்கும் ஓட்டம் பாதி அடங்கும்.

போன் யார் கையில் இருக்கிறது என்பதையும் பேச வேண்டும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அண்ணனுக்குக் கிடைக்கும் நேரம் தங்கைக்குக் கிடைப்பதில்லை. பதிவேற்றும் வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அந்தப் பெண் முதல் நாளே போட்டியிலிருந்து விலகிவிடுகிறாள். அளப்பதும் எழுதுவதும் காகிதத்தில் நடக்கட்டும். இணைய வேலை முழுவதும் பள்ளி நேரத்தில், பள்ளிக் கணினியில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது நடக்கட்டும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. கண்காட்சி முடிந்த மறுநாள் இந்த ஆய்வுகளுக்கு என்ன ஆகிறது? சான்றிதழ் சட்டத்துக்குள் போகிறது, சார்ட் பரணுக்குப் போகிறது, குறிப்பேடு பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. அடுத்த ஆண்டு அதே பள்ளியின் அதே கண்மாயைப் பற்றி இன்னொரு குழு முதலிலிருந்து தொடங்குகிறது. 1993 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எழுதிய களக் குறிப்புகள் எல்லாம் சேர்ந்திருந்தால், நம் கண்மாய்களின், கிணறுகளின், மரங்களின் முப்பது ஆண்டு வரலாறு அவர்கள் கையெழுத்திலேயே நம்மிடம் இருந்திருக்கும். இணையம் இதற்குத்தான் மிகவும் தேவை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திறந்த தொகுப்பு: அறிக்கை தமிழிலேயே இருக்கட்டும், குறிப்பேட்டின் பக்கங்கள் படமாக, அளவீடுகள் அட்டவணையாக, இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக, பிள்ளையின் பெயருக்குப் பதில் பள்ளியின் பெயரோடு. இதற்குத் தனி மென்பொருள் எதுவும் எழுத வேண்டாம். ஒரு பொதுக் கோப்புறையும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மாதிரியான ஓர் அட்டவணைப் படிவமும் போதும். இந்த ஆண்டு மாவட்டக் கண்காட்சிக்கு வரும் ஆய்வுகளில் நீர்நிலைகளைப் பற்றியவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். படிவத்தின் மாதிரி ஒன்றைத் தயாரித்து வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஆசிரிய நண்பர்கள் பார்த்து, எந்தப் பத்தி கூடுதல், எது விட்டுப்போயிற்று என்று சொன்னால் இன்றே திருத்திவிடலாம்.